வெள்ளை எழுத்தைச் சுற்றிப் படியும் மைத்தூள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 10 அடி அகல சால்வென்ட் (கரைப்பான் மை) இயந்திரம் ஒன்றை வைத்து ஃபிளெக்ஸும் வினைலும் அச்சிட்டுத் தருகிறோம். ஏப்ரல் பிறந்ததிலிருந்து, காலையில் சுத்தமாக வரும் அச்சு 11 மணிக்கு மேல் கெட்டுவிடுகிறது. கொலுசுக் கடை ஒன்றுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அடித்தபோது, எழுத்தின் ஓரமெல்லாம் கரித்தூளை ஊதிவிட்டது போலப் புள்ளிகள். நாசில் செக் (மை வரும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு) குறையில்லாமல் வருகிறது. சர்வீஸுக்கு வந்தவர் சொன்னபடி மை தெளிக்கும் ஹெட் ஒன்றையே மாற்றிவிட்டோம், பயனில்லை. மாலை 6 மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. வினைலில் தொல்லை அதிகம், ஃபிளெக்ஸில் குறைவு. என்ன செய்யலாம்?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: ஹெட்டை மாற்றுவதற்கு முன்பே தாங்கள் எழுதியிருக்கலாமே என்று வருத்தமாக இருக்கிறது. பழுதான ஹெட், பொழுது சாய்ந்ததும் குணமாகிவிடாது. காலையில் நன்றாக இருந்து, உச்சி வெயிலில் கெட்டு, மாலையில் மீண்டும் சீராகும் கோளாறு பெரும்பாலும் அறையின் காற்றிலும் வெப்பத்திலும்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை; ஒரு லூப்பும் (உருப்பெருக்கிக் கண்ணாடி) கொஞ்சம் பொறுமையும் போதும்.

நாசிலிலிருந்து புறப்படும் மைத்துளி உருண்டையாகக் கிளம்புவதில்லை. தலையும் நீண்ட வாலுமாக வெளிவந்து, அந்த வால் அறுந்து ஒன்றிரண்டு குட்டித் துளிகளாகிறது. பெரிய துளி நேராகச் சென்று விழுந்துவிடும். எடையில்லாத குட்டித் துளியைக் காற்று தடுத்து நிறுத்திவிடுவதால் அது பிந்தியே வந்து சேர்கிறது. அதற்குள், ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரேஜின் ஓட்டம் அதையும் பக்கவாட்டில் இழுத்துச் சென்றிருக்கும். கணக்குக்காக, கேரேஜ் நொடிக்கு 1 மீட்டர் ஓடுவதாகவும், பெரிய துளி நொடிக்கு 6 மீட்டர், குட்டித் துளி 4 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகவும், ஹெட்டுக்கும் மீடியாவுக்கும் (அச்சாகும் ஃபிளெக்ஸ் அல்லது வினைல்) இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் விழும் இடங்களுக்கு நடுவே ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் விலகல் வரும். அது கண்ணுக்கு உறுத்தாது. இடைவெளி 4 மில்லிமீட்டரானால் விலகல் இரட்டிப்பாகும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே இந்தக் குட்டித் துளிகளாலான தூள் எல்லா இயந்திரத்திலும் எப்போதும் இருக்கிறது. அது பெரிய துளியின் நிழலிலேயே அடங்கிவிடுகிறதா, வெளியே சிதறுகிறதா என்பதுதான் கேள்வி.

நாளை பிற்பகல் 2 மணிக்கு, தூள் நன்றாக விழும் நேரத்தில், வெள்ளை வினைலில் மெல்லிய கறுப்புக் கோடுகளை நெட்டுக்குத்தாக வைத்து, ஒரே திசையில் மட்டும் மை விழும்படி யூனி-டைரக்ஷனில் அச்சிடுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் ஒன்று எடுங்கள். இரண்டையும் லூப்பில் பாருங்கள். கேரேஜ் ஓடிய பக்கமாகவே தூள் விழுந்து, திசையை மாற்றியதும் தூளும் பக்கம் மாறினால், குற்றம் இடைவெளி, வேகம், ஹெட்டுக்குக் கொடுக்கும் வோல்டேஜ், மையின் சூடு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கேரேஜ் எந்தப் பக்கம் ஓடினாலும் தூள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. இரண்டும் இல்லாமல், கோட்டைச் சுற்றிப் பூனைமயிர் சிலிர்த்தது போல ஒழுங்கின்றி இழையிழையாக நின்றால், அது நிலைமின்சாரம்.

வினைலில் அதிகம் என்று தாங்கள் எழுதியிருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் நிலைமின்சாரத்தின் மீதுதான். சேலத்துக் கோடைப் பிற்பகலில் காற்று வறண்டுபோகிறது. ரோலிலிருந்து வினைல் பிரியும்போது உண்டாகும் மின்னேற்றம் இறங்க வழியில்லாமல் பரப்பிலேயே தங்கி, குட்டித் துளிகளைக் கண்டபடி இழுக்கிறது. அறையில் ஈரப்பதமானி ஒன்றை மாட்டுங்கள். 45 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது நல்லது. குறைந்தால், தரையை ஈரத்துணியால் அடிக்கடி துடைப்பதும், இயந்திரத்திலிருந்து தள்ளி ஈரப்பதமூட்டி வைப்பதும் உதவும். இயந்திரத்தின் மீதோ அருகிலோ தண்ணீர் தெளிக்க வேண்டாம். ரோலை முந்தின நாளே அச்சு அறையில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

எர்த்தையும் இப்போதே பாருங்கள். கட்டடம் கட்டும்போது உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி, இந்த வெயிலில் அடிவரை காய்ந்து கிடக்கும். அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, இயந்திரம் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டுக்குள் நிற்பது நல்லது. மீடியாவின் பின்புறத்தை உரசும்படி, எர்த்துடன் இணைத்த செம்பு இழைச் சரம் ஒன்றைக் கட்டினால் மின்னேற்றத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். சால்வென்ட் ஆவி தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அச்சின் தரத்துக்காக மட்டுமல்ல, ஆட்களின் உயிருக்காகவும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

11 மணிக்கு மேல் கடையில் வேறென்ன மாறுகிறது என்றும் யோசியுங்கள். புழுக்கம் தாங்காமல் யாராவது ஸ்டாண்ட் ஃபேனைப் போடுகிறார்களா? அச்சு காய்வதற்கு ஃபேன் வேண்டும்தான். ஆனால் அது அச்சாகி இறங்கிவிட்ட பகுதியை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். அந்தக் காற்று ஹெட் ஓடும் பாதைக்கு ஏறினால் குட்டித் துளிகள் அதன் போக்கில் போய்விடும்.

அடுத்தது மையின் சூடு. சூடேறினால் மை நீர்த்துப்போகும். நீர்த்த மையைப் பழைய வோல்டேஜிலேயே தள்ளினால் துளியின் வால் நீளும், தூள் பெருகும். தங்கள் இயந்திரத்தில் ஹெட் ஹீட்டர் இருந்து, அதை 35 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அறையே 38 டிகிரிக்கு ஏறும்போது ஹீட்டர் அணைந்துவிடும். அதற்குக் குளிர்விக்கத் தெரியாது. அப்புறம் வெயில் வைத்ததுதான் சூடு. மை தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள், அறையின் உச்ச வெப்பத்தைவிட இரண்டு டிகிரி கூட்டி வைத்து, அதற்கேற்ப வோல்டேஜை 0.5 வோல்ட் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். காலையும் பிற்பகலும் ஒரே மாதிரி அடிக்கும்.

இடைவெளியைக் கடைசியாகச் சொன்னாலும் அது எளிதானது. வங்கி அட்டை ஒன்றின் கனம் 0.76 மில்லிமீட்டர்; மூன்றை அடுக்கினால் 2.28. இயந்திரத்தை அணைத்து, மீடியாவை ஏற்றிய நிலையில், நாசில் தகட்டில் படாமல் ஹெட்டின் ஓரச் சட்டத்துக்கடியில் அட்டைகளை நுழைத்து இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் பாருங்கள். எழுத்துப்புடைப்பு உள்ள அட்டை வேண்டாம். முன்பு தடித்த பொருள் ஏதாவது அச்சிட ஹெட்டை உயர்த்தி, இறக்க மறந்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதிகளுக்குப் பலகை செய்கிறேன். எங்களுக்குப் பனிமூட்டம், ஆனாலும் தூள் விழுகிறது. நாங்களும் ஈரப்பதமூட்டி வைக்க வேண்டுமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: வேண்டவே வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் தங்களுக்கு வரும் தொல்லை வேறு. காகிதம் கலந்த மீடியா ஈரத்தை இழுத்து அலையலையாக எழும்பும். ஹெட் உரசுமே என்று பயந்து தாங்கள் ஹெட்டை உயர்த்தியிருப்பீர்கள். உயர்த்திய அந்த இடைவெளிதான் தூளைச் சிதறவிடுகிறது. ரோலைப் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருந்து, தேவைக்கு மட்டும் எடுங்கள். அச்சாகும் முன் மீடியாவைச் சூடாக்கும் முன்ஹீட்டரைச் சற்றுக் கூட்டி, மீடியா தட்டையாகப் படிந்தபின் ஹெட்டைப் பழைய உயரத்துக்கு இறக்குங்கள். மே மாதக் கோடை விழா வேலைகள் குவிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: தூள் விழுந்த பேனரைத் துடைத்துச் சரிசெய்ய முடியுமா?
(வாசகர், அம்மாபேட்டை)

பதில்: முடியாது. சால்வென்ட் மை மீடியாவின் மேற்பரப்பைக் கரைத்து உள்ளே பிடித்துக்கொள்வது. துடைத்தால் வெள்ளை மேலும் அழுக்காகும். கடை முகப்பில் 15 அடி உயரத்தில் தொங்கப்போவதாக இருந்தால், கீழே நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல நேரம் கண்ணுக்கே படாது. கைக்கெட்டும் உயரத்தில் வரும் விலைப்பட்டியலாக இருந்தால் மறுபடி அடித்துக் கொடுத்துவிடுங்கள்.