பழைய கணினி தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

கேட்டவரின் சிக்கல் இது: பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மேசைக் கணினி. சில வாரம் தொடாமல் வைத்திருந்து திறந்தால், கறுப்புத் திரையில் ‘சிமோஸ் செக்சம் எரர் – டிஃபால்ட்ஸ் லோடட்’ என்று வருகிறது. எஃப்1 விசையை அழுத்தினால் ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுகிறது. கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார்கள்.

அவசரப்பட்டு வாங்காதீர்கள். எல்லாரும் பயப்படுவது இரண்டாவது வரியைப் பார்த்து. நோய் இருப்பது முதல் வரியில். தாய்ப்பலகையில் (மதர்போர்டு) காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சில வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்) விலை. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அக்காள் வீட்டுக் கணினிக்கும் இதே கதி வந்தது. கடையில் 280 வெள்ளி கேட்டார்கள். பணத்தைவிட, “தம்பி, அப்பாவின் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது” என்று அக்காள் சொன்னதுதான் என்னை ஞாயிற்றுக்கிழமை பசியாறிய கையோடு திருப்புளியைத் தூக்க வைத்தது.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். இந்தப் பிழையை அக்காளுக்கு அவர் வேலையை வைத்தே விளக்கினேன். கணினி கண் விழித்ததும் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டு மாதிரி ஆள்கணக்கு எடுக்கிறது: நினைவகம் வந்ததா, விசைப்பலகை வந்ததா, வட்டு (ஹார்ட் டிஸ்க்) வந்ததா. யாரை முதலில் கூப்பிடுவது, யாரை எப்படி வேலை வாங்குவது என்ற குறிப்பெல்லாம் சிமோஸ் என்ற ஒரு சிறு நினைவகத்தில் இருக்கும். அதோடு அவற்றின் கூட்டுத்தொகையும் இருக்கும்; அதுதான் செக்சம். அந்த நினைவகத்தையும் கடிகாரத்தையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது அந்தப் பேட்டரி. அது சோர்ந்தால் எண்கள் கலைந்துவிடும், கூட்டல் ஒத்துவராது. செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேட்டில் கூட்டல் தவறினால் அப்பா பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒன்றையும் நம்பாமல், தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்த பழைய குறிப்புக்கே போய்விடும். அதில் எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது என்ற வரிசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்கும்; அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

நம் பக்கத்தில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. சாயங்கால இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். பிளக் சொருகியிருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் சுவர் மின்சாரத்தில் ஓடும். பிடுங்கினால் பாரம் முழுவதும் பேட்டரியின் மேல். அதற்காகப் பிடுங்குவதை நிறுத்தாதீர்கள். மின்னல் அடித்துத் தாய்ப்பலகை கருகுவதற்கு இந்தச் செலவு எவ்வளவோ மேல்.

பேட்டரியின் பெயர் சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். சில கார்ச் சாவிகளிலும் இதுதான். பிளக்கைப் பிடுங்கி, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை விட்டுவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அக்காள் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது விசிறிக்குக் கீழே காய்ந்து சருகான பல்லி ஒன்று, அதன் மேல் விரல் தடிமனுக்குத் தூசி. பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் காசு துள்ளி எழும்பும். கூட்டல் குறி மேலே பார்க்கும்படி புதியதை வைத்து அழுத்துங்கள். மீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், அக்காள் வீட்டுப் பேட்டரி 2.1 காட்டியது.

மாற்றிவிட்டால் மட்டும் போதாது, கலைந்த குறிப்பை மறுபடி எழுத வேண்டும். தொடங்கும்போதே டெலிட் விசையைத் தட்டினால் இந்தக் குறிப்புகளை மாற்றும் பயாஸ் திரை வரும். சில கணினிகளில் எஃப்2. முதலில் தேதி. அக்காளுடையது 2009 ஜனவரி 1 என்று காட்டியது. தேதியை இப்படி விட்டுவிட்டால், பிறகு இணையத்தில் பல தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அடுத்து தொடக்க வரிசை: ஹார்ட் டிஸ்க்கை முதலில் வையுங்கள். பின்பக்கத்தில் பென்டிரைவ் ஏதாவது சொருகிக் கிடந்தால் எடுத்துவிடுங்கள். அதுவே சில வேளைகளில் இதே செய்தியை வரவழைக்கும்.

எனக்கு வியர்த்தது இதற்கு அப்புறம்தான். விண்டோஸ் 7 சின்னம் வந்தது. அக்காள் தேநீரோடு வந்து நின்றாள். நீலத்திரை ஒன்று மின்னி மறைந்து, கணினி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இரண்டு முறை அப்படியே. எஃப்8 தட்டி, பிழை வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்ற தெரிவை எடுத்த பிறகுதான் எண்ணைப் படிக்க முடிந்தது: 0x0000007B. வட்டை அணுக முடியவில்லை என்று பொருள். வட்டு பட்டியலில் இருக்கிறது, ஆனால் அணுக முடியவில்லையாம்! பயாஸில் சாட்டா முறை, அதாவது வட்டோடு கணினி பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய வகைக்கு மாறிக் கிடந்தது. விண்டோஸ் நிறுவியபோது அது ஏஎச்சிஐ என்ற புதிய வகை. அதை மாற்றிச் சேமித்ததும் ஒலியோடு திறந்துகொண்டது. உங்களுக்கு நீலத்திரை வந்தாலும் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் விண்டோஸை மறுபடி நிறுவ யாரையும் விடாதீர்கள். உங்கள் கோப்புகள் அழிந்துபோகலாம். முன்பு எந்த முறையில் இருந்தது என்று தெரியாவிட்டால் இரண்டையும் மாற்றி மாற்றி முயன்று பாருங்கள். வட்டில் உள்ளது எதுவும் இதனால் அழியாது.

பயாஸ் பட்டியலில் வட்டின் பெயரே இல்லையென்றால் கதை வேறு. தட்டையான சாட்டா கம்பியை இரு முனையிலும் கழற்றி மறுபடி சொருகுங்கள், முடிந்தால் வேறு கம்பி போட்டுப் பாருங்கள். அப்படியும் வராமல், வட்டு ‘டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் தட்டினால் கடைக்காரர் சொன்னது சரி. உள்ளே முக்கியமானவை இருந்தால் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காமல் அணைத்து வையுங்கள்.

கணினி திறந்ததும் நான் செய்த முதல் வேலை அப்பாவின் படங்களை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்தது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம் என்றும் அக்காளிடம் சொல்லிவிட்டேன். பேட்டரி மாற்றிய தேதி ஒரு துண்டுத் தாளில் எழுதி, பெட்டியின் உட்புறம் பல்லி கிடந்த இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது.