பாடும் பழைய கடிகாரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நேரம் சரியாகக் காட்டுகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. ஸ்பிரிங் போய்விட்டதா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். பாட்டுக்குப் பெரும்பாலும் தனி ஸ்பிரிங் இருக்கும். அதற்குச் சாவி கொடுத்தீர்களா? கொடுத்தும் பாடவில்லை என்றால், மணியடிக்கும்போது பாட்டுப் பெட்டியின் தடையைத் தூக்கிவிடும் கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாட்டு பாதியில் நின்றுவிட்டது. நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பல்சக்கர வரிசையின் கடைசியில் சின்னதாக ஒரு காற்று விசிறி சுழலும். முறுக்கேறிய ஸ்பிரிங்கைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதுதான். தூசி துடைக்கிறேன் என்று அதைக் கழற்றினால் பாட்டுக்கான சின்னச் சின்ன முட்கள் பதித்த உருளை தறிகெட்டுச் சுற்றும். கண்மூடித் திறப்பதற்குள் முட்கள் வளைந்து ஒடியும், அந்த முட்கள் மீட்டிச் சுரம் எழுப்பும் எஃகுச் சீப்பின் பற்களும் தெறித்துவிடும். இதைச் சரிசெய்ய உருளை முழுக்க முள் மாற்ற வேண்டிவரும். உங்கள் பெட்டி பாதியில் நிற்பதால் சில பற்கள் இப்போதே முட்களின் மேல் ஏறி நிற்கலாம். ஆட்டாமல் அசைக்காமல், தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள்.

கேள்வி: கனத்த சுரங்களில் 'கிரீச்' என்கிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: சீப்பில் ஒரு சொட்டுகூடக் கூடாது. பல் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த முள் வந்து தொட்டால்தான் அந்தச் சத்தம். அதைத் தடுக்க, பல்லுக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று முள் வந்து தொடுவதற்கு முன்னால் அதிர்வை அடக்கும். அது வளைந்தோ ஒடிந்தோ போயிருக்கும். எண்ணெய் விட்டால் தூசிதான் சேரும்.

கேள்வி: சீப்புக்கு அடியில் வெள்ளைப் பொடி இருக்கிறதே?

பதில்: சுரத்தைத் தாழ்த்த அங்கே ஈயம் ஒட்டியிருப்பார்கள். அது அரித்த பொடி, நச்சு. ஊதாதீர்கள். தொட்டுவிட்டால் கையைக் கழுவுங்கள்.

கேள்வி: 1750-இல் செய்தது என்கிறார் விற்பவர். உள்ளே எஃகுச் சீப்பு இருக்கிறது. நம்பலாமா?

பதில்: கடிகாரம் பழையதாக இருக்கலாம், பாட்டுப் பெட்டி இருக்க முடியாது. ஜெனீவாவின் கடிகாரக்காரர் அந்துவான் ஃபாவ்ர் எஃகுப் பற்களை மீட்டும் முறையை அறிவித்தது 1796-இல். அதற்கு முன் சுத்தியல் தட்டும் மணிகள், இல்லையென்றால் காற்றூதும் குழல்கள். ஹைடனும் மொஸார்ட்டும்கூடக் குழல் கடிகாரங்களுக்கு இசை எழுதியிருக்கிறார்கள்! விலை பேசும்போது இந்த 1796-ஐ ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: ஒரே உருளை எப்படி வேறு வேறு பாட்டுப் பாடுகிறது?

பதில்: ஒரு பாட்டு முடிந்ததும் உருளை மயிரிழை பக்கவாட்டில் நகரும். அப்புறம் வேறு முள் வரிசை பற்களுக்கு நேராக வந்துவிடும்.