ரீச்சரிட்டைக் கேளுங்கோ: ஆதித்யாவுக்குப் பின்னால் ஆர்?

கே: ரீச்சர், சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்டப் பணிப்பாளர் ஒரு தமிழ்ப் பெண் என்று அறிந்தேன். அவர் சூரியனைப் பற்றிப் படித்தவரா? நான் உயர்தரம் கணிதப்பிரிவு.
- மாணவி, புதுக்குடியிருப்பு

ப: இல்லைப் பிள்ளை. நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசினர் பொறியியல் கல்லூரியில் இலத்திரனியலும் தொடர்பாடலும் படித்தவர். சொந்த ஊர் செங்கோட்டை. தகப்பன் கணிதப் பட்டதாரி, ஆனால் விரும்பிக் கமம் செய்தவர். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த இவர், ஆதித்யாவுக்கு முதல் பூமியைப் படம் பிடிக்கிற ரிசோர்ஸ்சாட்-2ஏ செய்மதியில் இணைத் திட்டப் பணிப்பாளராக இருந்தார்.

சூரியனைப் பற்றிய கேள்விகளோடு வந்தவர்கள் வேறு ஆக்கள். ஆதித்யாவின் முதன்மை விஞ்ஞானி சங்கரசுப்பிரமணியன் ஒரு சூரிய ஆய்வாளர். சூரியனைச் சுற்றியிருக்கிற ஒளிவட்டத்தை (கொரோனாவை) பார்க்கிற வெல்க் கருவியை பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்தது. புற ஊதாக் கதிரில் படம் எடுக்கிற சூட் கருவி புனேயிலுள்ள ஐயூக்கா நிறுவனத்தின் ஆக்கம். இப்படி மொத்தம் ஏழு கருவிகள். கலத்தைக் கட்டுகிறவர்கள், சூரியனை ஆராய்கிறவர்கள் என்ற இரண்டு பகுதியினரையும் ஒரே சொல்லில் 'விஞ்ஞானிகள்' என்று பத்திரிகைகள் எழுதிவிடுவதால்தான் உனக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது.

கே: அப்ப திட்டப் பணிப்பாளருக்கு என்னதான் வேலை?
- கமக்காரர், முரசுமோட்டை

ப: ஐயா, இரணைமடுச் சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருப்பீங்கள். குளத்தில் உள்ள தண்ணி இவ்வளவுதான், கேட்கிறவர்களோ எல்லாரும். எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எப்போது என்று முடிவெடுத்து, வெட்டு முடியுமட்டும் அந்த முடிவைக் காக்கவேணும். விண்கலத்திலும் நிறை, மின்சாரம், பூமிக்குத் தரவு அனுப்புகிற நேரம் எல்லாம் அளவானவை. வெல்க் ஒன்றே ஏறத்தாழ 190 கிலோ, ஒரு நாளைக்கு 1,440 படம் எடுக்கக்கூடியது. மற்ற ஆறு கருவிகளையும் பட்டினி போடாமல் அதற்கும் கொடுக்கவேணும்.

2008இல் இந்த எண்ணம் தொடங்கியபோது 400 கிலோச் செய்மதி, ஒரே ஒரு கருவி, பூமியிலிருந்து 800 கிலோமீற்றர் உயரம் என்றுதான் இருந்தது. கடைசியில் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் ஆகி, 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குப் போனது. அப்படி வளர்ந்த வேலையைக் குலையாமல் கொண்டுபோவது பெரிய ஆற்றல். ஒரு துணிக்கை பட்டாலும் ஒளியியல் கருவி கெட்டுவிடும் என்பதால், வெல்க் செய்தவர்கள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வேலைக்கு வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ரொக்கெட் கிளம்பியதைத்தான் எல்லாரும் பார்த்தோம். 2024 ஜனவரி 6ஆம் திகதி அது தன் பாதையில் சரியாக ஏறும்வரை அந்த ஆக்களுக்கு வேலை முடியவில்லை.

கே: விண்கலம் பழுதானால் போய்த் திருத்த முடியாதே. பிறகு என்ன செய்வார்கள்?
- வாசகர், மாங்குளம்

ப: சோஹோவின் கதையைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து 1995 டிசெம்பரில் அனுப்பிய சூரிய ஆய்வுக் கலம் அது. 1998 ஜூன் 25ஆம் திகதி தொடர்பு அறுந்தது. தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகளில் இருந்த பிழைகளும், நெருக்கடியில் எடுத்த ஒரு முடிவும் அதைச் சூரியனிலிருந்து திருப்பிவிட்டன. சூரியத் தகடுகளில் வெயில் விழவில்லை, மின்சாரம் இல்லை, எரிபொருள் உறைந்துவிட்டது.

அவர்கள் கைவிடவில்லை. ஜூலை 23ஆம் திகதி, புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோவின் 305 மீற்றர் அலைவாங்கியிலிருந்து ராடர் அலையை அனுப்பி, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் எதிரொலியைப் பிடித்தார்கள். கலம் மெல்லச் சுழன்றுகொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது! ஓகஸ்ட் 3ஆம் திகதி அதனிடமிருந்து முதல் சைகை. பிறகு கிடைத்த துளி மின்சாரத்தைச் சேமித்துச் சேமித்து எரிபொருளை உருக்கினார்கள். செப்டெம்பர் 16ஆம் திகதி அது திரும்பவும் சூரியனைப் பார்த்தது. அந்த வருட முடிவுக்குள் திசை காட்டும் சுழல்காட்டி மூன்றும் செயலிழந்துபோக, அவை இல்லாமலே இயங்கப் புதிய மென்பொருள் எழுதி அனுப்பினார்கள். விஞ்ஞானியும் பொறியியலாளரும் முகாமையாளரும் ஒரே மேசையில் இருந்து மீட்ட கலம் அது.

கே: என்ர ஆய்வுக் கட்டுரையை இரண்டு பேர் நிராகரித்துவிட்டார்கள். மனம் விட்டுப்போச்சு.
- பட்டதாரி, வவுனியா

ப: 1958இல் யூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சூரியனிலிருந்து துணிக்கைகள் ஓயாமல் வெளியே வீசுகின்றன என்ற 'சூரியக் காற்று' கருத்தை எழுதியபோது, மதிப்பிட்ட இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். சஞ்சிகையின் ஆசிரியர் நம்முடைய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் விருப்பமில்லை. ஆனால் கணக்கில் ஒரு பிழையும் காட்ட முடியவில்லை என்பதால் அச்சிட்டார். 2018 ஓகஸ்ட் 12ஆம் திகதி தன் பெயர் தாங்கிய கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியதை, 91 வயதில் பார்க்கர் நேரில் நின்று பார்த்தார். கணக்கைத் திரும்பச் சரிபாருங்கோ தம்பி. சரியென்றால் திரும்ப அனுப்புங்கோ.

கே: இவ்வளவு காசு செலவழித்துச் சூரியனைப் பார்த்து எங்களுக்கு என்ன?
- கடற்றொழிலாளர், முல்லைத்தீவு

ப: அண்ணை, படகில் வைத்திருக்கிற ஜிபிஎஸ் செய்மதிச் சைகையில்தான் ஓடுகிறது. சூரியப் புயல் அதைக் குழப்பும். 1989 மார்ச்சில் அப்படியொரு புயலால் கனடாவின் கியூபெக்கில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேருக்கு மின்சாரம் நின்றது. முன்கூட்டித் தெரிந்தால் ஆயத்தமாகலாம்.

கே: என்ர மகன் விண்வெளி, விண்வெளி என்று நிற்கிறான். வன்னிப் பிள்ளையளுக்கு இதெல்லாம் எட்டுமா?
- தாய், ஒட்டுசுட்டான்

ப: எட்டும் தங்கச்சி. 2010 ஜனவரி 15ஆம் திகதி வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். தறப்பாள் ஓட்டையால் வந்த வெளிச்சம் நிலத்தில் வளையமாக விழுந்தது. அது ஏன் வளையம் என்று பிள்ளைகள் என்னை விடாமல் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மிச்சத்தைப் படிப்பிக்கலாம். இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. நிகர் ஷாஜி படித்த இலத்திரனியலை அங்கேயும் படிக்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. சோஹோவின் படங்கள் இணையத்தில் இலவசம். சூரியனை உரசிப்போகிற வால்வெள்ளிகளை அந்தப் படங்களில் ஆரும் தேடலாம். 2024 மார்ச்சில் அறிவித்த ஐயாயிரமாவது வால்வெள்ளியைக் கண்டவர், 13 வயதில் தேடத் தொடங்கியவர். அந்தத் தேடல் திட்டத்தின் பெயர் 'சங்கிரேசர்' (Sungrazer); மகனை இணையத்தில் அப்படித் தேடச் சொல்லுங்கோ. விளங்காத இடம் வந்தால் படத்தையும் சேர்த்து எனக்கு எழுதட்டும்.