நாய்க்கடி ஊசியும் எம்.எஸ். நோயும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. போன வருடம் ஒரு கண் மங்கியது, சில மாதம் கழித்து வலது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூளைக்குள் போய்த் தாக்குகின்றனவாம். மூளைக்குத் தடுப்புச் சுவர் உண்டு என்று படித்திருக்கிறேனே, இவை மட்டும் எப்படி நுழைகின்றன? அவள் என்ன தப்பு செய்தாள்?
– வாசகி, கரூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஒரு தப்பும் செய்யவில்லை. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அடையாளம் காணும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் ரத்தத்திலும் இருக்கின்றன, பெரும்பாலோருக்கு அவை ஆயுள் முழுக்கச் சும்மாவே சுற்றிவிட்டுப் போய்விடும்.

சும்மா இருக்கிற டி செல்லால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. வேறெங்கோ தூண்டப்பட்ட செல்தான் தாண்டும். எது தூண்டுகிறது என்பதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீதுதான் பலத்த சந்தேகம். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. ஆனால் பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த வைரஸ் வந்து போயிருக்கும், எனவே அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

தூண்டப்பட்டதும் நேராக மூளைக்கு ஓடுமா என்றால் அதுவும் இல்லை. எலிகளில் இதைத் தொடர்ந்து பார்த்த ஜெர்மானிய விஞ்ஞானிகள், அந்த செல்கள் முதலில் நுரையீரலில் தங்குவதை 2012-ல் காட்டினார்கள். அங்கே பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, நகர்வதற்குத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிட்டுக்கொண்டு கிளம்புகின்றன. புகை பிடிப்பவர்களுக்கு எம்.எஸ். அதிகம் வருவதை இதோடு சேர்த்து யோசிக்கத் தோன்றுகிறது.

அப்புறம் நடப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகவே படம் பிடித்திருக்கிறார்கள். அடையாளத்துக்காகப் பச்சையாக ஒளிரச் செய்த டி செல் தண்டுவடத்தின் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ரத்தம் பாய்கிற திசைக்கு எதிராகக்கூட ஊர்ந்து, இடம் பார்த்து வெளியே நழுவுகிறது. அப்படி நழுவியதும் மூளைத் திசுவுக்குள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. குழாய்க்கும் திசுவுக்கும் நடுவே இருக்கிற ஓர் இடுக்கில் வேறு வகை அணுக்கள் மயலின் துண்டுகளை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. துண்டை அடையாளம் கண்டுகொண்டால் டி செல் இரண்டாம் முறை உசுப்பேறி, ரசாயனங்களைக் கக்கி, ரத்தத்திலிருந்து மற்ற அணுக்களையும் கூப்பிடும். கண்டுகொள்ளாதவற்றில் பல, பிடி விட்டு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவத்தில் கலந்துவிடும். உங்கள் தங்கையின் கண் மங்கியதும் கால் மரத்ததும், கூடிய கூட்டம் அந்தந்த இடத்தில் மயலினை அரித்ததால்தான்.

மருந்துகளில் சில இந்தப் பயணத்தைத்தான் மறிக்கின்றன. டி செல் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் புரதத்தை அடைத்தால் எலிக்கு நோய் வருவதில்லை என்று 1992-ல் தெரிந்தது. அதிலிருந்து பிறந்த நாட்டலிசுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, சிலருக்கு ஜேசி வைரஸால் ஆபத்தான மூளைத்தொற்று வந்ததால் சில மாதத்திலேயே நிறுத்தப்பட்டு, கடும் கண்காணிப்போடு 2006-ல் திரும்பி வந்தது. காவலை மூளைக்குள் விடாமல் தடுத்தால் கிருமிக்கும் வசதியாகிவிடும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. 2010-ல் வந்த ஃபிங்கோலிமோட் மாத்திரை டி செல்களை நிணநீர் முடிச்சுகளிலேயே பூட்டி வைக்கிறது. இந்த இரண்டில் எதையாவது உங்கள் தங்கை எடுத்தால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. அடைபட்ட கூட்டம் மொத்தமாக வெளியேறி, நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: 1970-களில் என் அப்பாவை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். ஊசி முடிகிற சமயத்தில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. நாய் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. ஊசியாலா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இத்தனை வருடம் கழித்து உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை. அந்த ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. இமாச்சலத்தின் கசௌலியில் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை, நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் தயாரித்தார்கள். செயலிழந்த ரேபிஸ் (வெறிநாய்க்கடி) வைரஸோடு ஆட்டின் மயலினும் உடம்புக்குள் போகும். சிலருக்கு டி செல்கள் அதைப் பார்த்து உசுப்பேறி, நான் மேலே சொன்ன வழியிலேயே சொந்த மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்விட்டன.

இது ஏன் என்று தேடித்தான் 1930-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு முயலின் மூளைச்சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுப் பார்த்தார். கிருமியே இல்லாமல் சில குரங்குகளுக்குக் கை கால் விழுந்துவிட்டது. இன்று எம்.எஸ். மருந்துகளைச் சோதிக்க விலங்குகளுக்கு உண்டாக்கும் எம்.எஸ். போன்ற நோய் அங்கிருந்து பிறந்ததுதான். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் பட்ட கஷ்டம் அந்தக் கேள்வியின் தொடக்கத்தில் இருக்கிறது, அதை நான் மறப்பதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஆட்டு மூளை ஊசி நம் நாட்டில் 2005 வாக்கிலேயே நின்றுவிட்டது. இன்றைய ஊசி செல் வளர்ப்பில் தயாராவது, அதில் மூளைத் திசு கிடையாது, பெரும்பாலும் கையில்தான் போடுவார்கள். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய பயத்தில் யாரும் ஒரு டோஸைக்கூடத் தவிர்க்கக் கூடாது.