ஓடும் பிள்ளைகளின் சாப்பாடு, தூக்கம், முட்டிவலி: டீச்சரிடம் கேளுங்கள்

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களில் 27 வருஷம் பி.டி. டீச்சராக இருந்தேன். ரிட்டையர் ஆன பிறகும் காலை ஆறு மணிக்குக் கால் தானாக மைதானத்துக்குப் போய்விடுகிறது. உபஜில்லா காயிகமேளா (பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டி) நெருங்குவதால் பிள்ளைகளும் பெற்றவர்களும் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டிய இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன், தள்ளிப்போடாதீர்கள்.

எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா, வேலந்தாவளம்: காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி ஓட அனுப்பறேனுங்க டீச்சர். ராத்திரி டியூஷன் முடிச்சுப் படுக்கப் பதினொண்ணு ஆயிருது. ரெண்டு மாசமா டைமிங் குறையவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்தி ஓடச் சொல்லட்டுங்களா?

வேண்டாங்க. பதினொண்ணுக்குப் படுத்து அஞ்சுக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். 13 வயசிலிருந்து 18 வரைக்கும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. ஓடும்போது தசைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதை உடம்பு தைத்துச் சரிபண்ணுவது பெரும்பாலும் ராத்திரித் தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். உங்க பையன் தினமும் கிழித்துக்கொண்டே இருக்கிறான், தைக்க நேரம் கிடைக்கவில்லை. டைமிங் எப்படிக் குறையும்?

டியூஷன் இருக்கும் நாளுக்கு மறுநாள் காலை ஓட்டத்தை நிறுத்துங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம் பண்ணட்டும், போதும். வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. அன்னைக்கு "சும்மா ஒரு ரவுண்டு" கூட வேண்டாம். ஃபோனை நடு வீட்டில் சார்ஜ் போடச் சொல்லுங்க. மூணு வாரம் இப்படிச் செய்துவிட்டு ஸ்டாப் வாட்ச் பிடித்துப் பாருங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, வண்ணாமடை: போன வருஷம் 800 மீட்டர்ல செகண்ட் வந்தேன் டீச்சர். இப்ப 500 தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது, காலு கல்லு மாதிரி ஆயிருது. நான் சோம்பேறி ஆயிட்டேன்னு சார் திட்டறார்.

சோம்பேறின்னு நீயே நம்பிவிடாதே கண்ணு. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏன்னா உன்னை மாதிரி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிள்ளை இருந்தாள். வெறும் கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடித்துவிட்டு மூணு கிலோமீட்டர் நடந்து மைதானத்துக்கு வருவாள். நல்ல காலோட்டம். ஒரு நாள் இரண்டாவது ரவுண்டில் ஓடும் கோட்டிலிருந்து விலகி, வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நிழலில் உட்கார வைத்து, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய இடம் துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. நகமும் அப்படித்தான். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6. உன் வயசுப் பெண்பிள்ளைகளுக்கு 12 இருக்கணும். அதுவரைக்கும் அவளை "இன்னும் வேகமா"ன்னு விரட்டிய குரல்களில் என்னுடையதும் ஒன்று. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஹீமோகுளோபின்தான் ஆக்ஸிஜனைத் தசைக்குச் சுமந்துபோகிற வண்டி. வண்டி குறைந்தால் தசை பட்டினி. மனசு எவ்வளவு உந்தினாலும் கால் வராது. மாதவிலக்கில் ரத்தம் போகிறது, சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைவு, கொக்கிப்புழு இருந்தால் அதுவும் உறிஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் ரத்தம் சோதித்துக்கொள், இந்த வாரமே. ஸ்கூலில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா, அதை முழுங்கு. ஜன்னலுக்கு வெளியே அந்த மாத்திரைகள் கிடப்பதைப் பொறுக்கி எடுத்தவள் நான், அதனால் சொல்கிறேன். ரத்தசோகை இருந்தால் வாரம் ஒண்ணு போதாது. டாக்டர் தினசரி மாத்திரை தருவார், அதை மாசக்கணக்கில் விடாமல் சாப்பிடணும்.

முருங்கைக்கீரை, பாசிப்பயறு, மத்தி மீன், கிடைத்தால் ஈரல், எல்லாம் நல்லது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சோறு தின்ற கையோடு டீ குடித்தால் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடு. அந்தப் பிள்ளைக்கு மூணு மாசத்தில் 11.7 வந்தது, அடுத்த சீசனில் நிமிர்ந்து ஓடினாள். இந்தப் பதிலை உங்க சாரிடமும் காட்டு.

பத்தாம் வகுப்பு மாணவி (ஊர் வேண்டாம் என்றிருக்கிறாள்): பீரியட்ஸ் நேரத்துல ஓடலாமா?

ஓடலாம். ஓடினால் கெடுதல் எதுவும் இல்லை. வலி அதிகமான நாளில் மெதுவாக ஓடு அல்லது நட. ஆனால் ஒன்றைக் கவனி: ஒழுங்காக வந்துகொண்டிருந்தது பயிற்சி ஏறிய பிறகு மூணு மாசம் வராமல் நின்றால், "தொல்லை விட்டது"ன்னு இருக்காதே. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தவில்லை என்று உடம்பு காட்டுகிற அடையாளமாக அது இருக்கலாம். எலும்பும் மெலியும். அம்மாவோடு போய் டாக்டரைப் பார்.

ஒரு அப்பா, எருத்தேம்பதி: பையன் 45 கிலோ. கபடி ஆடறான். ஜிம்காரர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றார். டப்பா மூவாயிரத்துக்கு மேல ஆகுது. கடன் வாங்கியாவது வாங்கலாமுங்களா?

கடன் வாங்காதீங்க. பயிற்சி செய்கிற பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். உங்க பையனுக்கு நாளைக்கு 54 முதல் 72 கிராம். இரண்டு முட்டையில் 12. அரை லிட்டர் பாலில் 16. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. பருப்போ பயறோ இரண்டு கிண்ணத்தில் 15. மூணு வேளைச் சோறு, இட்லியிலிருந்தே பதினஞ்சு இருபது கிடைக்கும். கூட்டிப் பாருங்க, கணக்கு நேராயிருச்சு. நிலக்கடலையும் பாலும் நம்ம பக்கத்தில் பஞ்சமா?

ஒண்ணு மட்டும் கவனிங்க, கப்பைக்கிழங்கு (மரவள்ளி) வயிறு நிறைக்கும், புரதம் கொடுக்காது. கப்பை வைத்தால் பக்கத்தில் மீனோ பயறோ இருக்கணும். பயிற்சிக்கு முன்னால் ஒரு நேந்திரம்பழம், முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையும் சோறும்.

இன்னொரு பயமும் இருக்கு. சில டப்பாக்களில் லேபிளில் எழுதாத மருந்து கலந்திருக்கும். நாளைக்கு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னாலும் எடுபடாது. உடம்புக்குள் போனதுக்கு விளையாடுகிறவர்தான் பொறுப்பு, விதி அப்படி.

பதிமூணு வயசுப் பையன், மீனாட்சிபுரம்: ஹைஜம்ப் பண்றேன். முட்டிக்குக் கீழ எலும்பு துருத்திட்டு வந்திருக்கு. மண்டி போட்டா உசிரே போகுது. பாட்டி எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறாங்க.

பாட்டியிடம் அழுத்த வேண்டாம்னு சொல்லு சாமி. நீ சொல்வதைப் பார்த்தால் ஆஸ்குட் ஷ்லாட்டர் மாதிரி இருக்கு. பெயர்தான் பெரிசு. தொடைத் தசையின் நாண் வந்து முட்டிக்குக் கீழே எலும்பில் ஒட்டும் இடம் உன் வயசில் இன்னும் குருத்தாக இருக்கும். எலும்பு கடகடன்னு வளரும் சமயத்தில் குதித்துக் குதித்து அந்த இடத்தைத் தசை இழுத்துக்கொண்டே இருந்தால் வீங்கி வலிக்கும். வளர்ச்சி முடிந்தால் வலி பெரும்பாலும் தானாகப் போய்விடும், மேடு மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம்.

இப்போ செய்ய வேண்டியது: சில வாரங்களுக்குக் குதிப்பதையும் மண்டி போடுவதையும் குறை. பயிற்சிக்குப் பிறகு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வை. முன் தொடையை மெதுவாக நீட்டிவிடும் பயிற்சியை தினமும் செய். அந்த நேரத்தில் கையும் வயிறும் பலமாகும் வேலையைச் செய்யலாம், மைதானத்துக்கு வருவதை நிறுத்தாதே. ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ, முட்டி முழுசும் வீங்கினாலோ, நொண்டி நடந்தாலோ எலும்பு டாக்டர்.

பாலக்காட்டின் ஸ்ரீசங்கர் 2023 ஆசிய விளையாட்டில் நீளம் தாண்டுதலில் வெள்ளி வாங்கினவர். 2024-ல் முட்டி அடிபட்டு, தகுதி பெற்றிருந்த பாரிஸ் ஒலிம்பிக்கையே விட்டுவிட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த வருஷம் திரும்பிவந்து போட்டியில் தாண்டினார். அவரே காத்திருந்தார், நீயும் சில வாரம் காத்திரு.

கால்பந்து ஆடும் பையனின் அண்ணன், வாளையாறு: பிராக்டீஸ் நடுவுல தண்ணி குடிச்சா வயிறு பிடிச்சுக்கும்னு கோச் குடிக்க விட மாட்டேங்கிறார். சரியா?

சரியில்லை. அந்தக் காலத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதிரி வெயிலில் தண்ணி இல்லாமல் ஓடவிடுவது ஆபத்து. கால் மணிக்கு ஒரு முறை நாலைந்து வாய் குடிக்கணும். சொம்பு நிறையக் கவிழ்த்தால்தான் வயிறு பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் நீர்மோர் உப்புப் போட்டு, அல்லது ஒரு லிட்டர் தண்ணியில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணி போதும், அடர்ந்து வந்தால் போதவில்லை. மார்ச், ஏப்ரலில் காலை 11 முதல் மாலை 3 வரை மைதானமே வேண்டாம்.

மார்கழியில் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்றும் ஏமாற்றும். வேர்வையை அடித்த கையோடு காய வைத்துவிடும், வேர்க்கவே இல்லைன்னு நினைத்துத் தண்ணியை மறந்துவிடுவோம்.

பையன் தள்ளாடினாலோ, உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ வண்டி தேடி ஓடுவதற்கு முன்னால் நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணியை ஊற்றுங்க. ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. நினைவு தப்பினவன் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

பெயர் வேண்டாம், ஒரு அப்பா: வயசை ரெண்டு குறைச்சு சர்டிபிகேட் எடுத்தா சின்னப் பிரிவுல ஈஸியா ஜெயிப்பான்னு ஒருத்தர் சொல்றார்.

செய்யாதீங்க. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியை வைத்து வயசு பார்க்கும் முறை இருக்கு, பிடிபட்டால் தடை. பிடிபடாவிட்டாலும், உங்க பையன் தோற்கடிக்கப் போகிற குழந்தை உண்மையிலேயே ரெண்டு வயசு சின்னக் குழந்தை. அவனுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே மெடலைக் கழுத்தில் போட்டுக்கொள்ள அவனுக்குக் கற்றுக்கொடுக்கப் போவது நீங்கதான்.

பிளஸ் ஒன் மாணவன், நல்லேப்பிள்ளி: வெயிட் தூக்குனா குள்ளமாயிருவனா?

ஆக மாட்டாய். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கணும், முறை சரியாக வரணும், எடை மெதுவாக ஏறணும். முதலில் உன் உடம்பையே தூக்கு: தண்டால், பஸ்கி, புல் அப்ஸ்.

ஏழாம் வகுப்பு மாணவி, வடகரப்பதி: ஜில்லா கேம்ப்ல எல்லாரும் மலையாளம் பேசறாங்க. நான் பேசுனா சிரிக்கிறாங்க. அதனால ஒண்ணும் கேக்காம ஓரமா நிக்கறேன்.

நானும் அப்படி நின்றவள்தான் கண்ணு. கேட்காமல் நின்றால் தப்பாகவே ஓடிப் பழகிவிடுவோம், அதுதான் நஷ்டம். தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்கணும்னு வைத்துக்கொள், ஒன்று போதும். "மாஷே, ஒண்ணுகூடி பறயாமோ?" (சார், இன்னொரு தடவை சொல்றீங்களா?) இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணு. மறுபடி சொல்ல மாட்டேன் என்கிற கோச்சை நான் பார்த்ததில்லை. ரிலேயில் பேட்டன் வாங்கும்போது யாரும் தமிழா மலையாளமா என்று பார்ப்பதில்லை, உன் கை எங்கே நீளுதுன்னு மட்டும்தான் பார்ப்பார்கள். ரிலேயில் சேர். பேச்சு தானாக வரும்.

பிளஸ் டூ மாணவி, கோபாலபுரம்: ஜெயிச்சும் டீம்ல பேர் வரல. விட்டுரலாம்னு தோணுது.

முண்டூர் பி.யூ. சித்ரா உனக்குத் தெரிந்திருக்கும். கூலி வேலைக்குப் போன பெற்றோரின் மகள். 2017-ல் புவனேஸ்வரில் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம். அதே வருஷம் லண்டன் உலகப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் இல்லை. ஹைகோர்ட் வரை போயும் லண்டனுக்குப் போக முடியவில்லை. 2019-ல் தோஹாவில் அதே 1500 மீட்டரில் மறுபடியும் தங்கம் வாங்கினார். நடுவில் இருந்த இரண்டு வருஷமும் அவர் ஓட்டத்தை விடவில்லை. இந்த வாரம் நன்றாக அழு. தேர்வு விதிமுறையை எழுத்தில் கேள், கேட்க உனக்கு உரிமை இருக்கு. விடுவதா வேண்டாமா என்பதைப் பரீட்சை முடிந்து யோசி, தோற்ற வாரத்தில் யோசிக்காதே.

ஆறாம் வகுப்பு மாணவன், நாட்டுக்கல்: பயிற்சி டைரி எழுதச் சொன்னீங்க. என்ன எழுதறது?

போன வருஷத்து நோட்டில் மிச்சம் இருக்கும் பக்கம் போதும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் கழுத்தில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடி எண்ணு. வழக்கத்தைவிட எட்டு பத்து கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றைக்கு லேசான பயிற்சி மட்டும். உன்னை மாதிரி ஒரு பையன் எழுதின பக்கம் என்னிடம் இருக்கு, அப்படியே தருகிறேன்:

"செவ்வாய். நாடி 72. தூக்கம் 9 மணி. காலைல பழம், முட்டை. 60 மீட்டர் ஆறு தடவை. நாலாவதுல தடுக்கி விழுந்தேன், முழங்கை சிராய்ப்பு. ராஜி அக்கா தண்ணி குடுத்தா. மிச்சம் ரெண்டும் ஓடுனேன்."