35 வருஷம் கழிச்சு மியூசிக் போட்டவர்

வணக்கம் சார்,

போன வாரம் பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவோட ‘அடேல் எச்’ படம் பார்த்தேன். டைட்டில்ல மியூசிக் மொரீஸ் ழோபேர்னு வருது. யாருன்னு தேடினா ஆள் 1940லயே இறந்துட்டாராம், படம் 1975. இறந்தவரோட பழைய மியூசிக்கை எடுத்து வேற படத்துல ஒட்டுறது அவருக்குச் செய்ற மரியாதையா சார்? அந்தக் காட்சிக்காக அவர் எழுதலையே?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மரியாதைதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ழோபேர் நீஸ் ஊர்க்காரர், 1900ல பிறந்தவர், முதல்ல வக்கீல். பேசும்படம் வந்த புதுசுல சவுண்ட் ட்ராக்கை வச்சு என்னெல்லாம் பண்ணலாம்னு யோசிச்ச ரொம்பக் கொஞ்சப் பேர்ல ஒருத்தர். டைரக்டர் ழான் விகோவோட ‘ஸீரோ த கொண்டுயித்’ (1933) படத்துல ஹாஸ்டல் பசங்க ராத்திரி தலகாணியக் கிழிச்சு சண்ட போட்டு, இறகெல்லாம் பனி மாதிரி கொட்ட ஸ்லோ மோஷன்ல ஊர்வலம் போவாங்க. அதுக்கு இவர் ஒரு ட்யூன் எழுதி, நொட்டேஷனை கடைசியிலருந்து முதலுக்குத் திருப்பி எழுதி, அதை வாசிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி, அந்த ரெக்கார்டிங்கைப் பின்னோக்கி ஓட்டினார். ட்யூன் நேரா வந்துடும், ஆனா ஒவ்வொரு ஸ்வரமும் மூச்சை உள்ள இழுக்குற மாதிரி வீங்கி வந்து சட்டுனு நின்னுடும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்த வருஷம் விகோவோட ‘லத்தலாந்த்’. படம் ஓடாதுன்னு பயந்து வெட்டித் தள்ளி, அப்ப ஹிட்டா இருந்த ஒரு பாட்டை உள்ள திணிச்சு, படத்துக்கே அந்தப் பாட்டோட பேரை வச்சு ரிலீஸ் பண்ணினாங்க. ழோபேர் போட்ட மியூசிக் சிதைஞ்சு போச்சு. அந்த அக்டோபர்லயே விகோ இறந்துட்டார், வயசு 29. ழோபேர் அப்புறம் மார்செல் கார்னே படங்களுக்கெல்லாம் போட்டார், யுத்தம் வந்தது, கேப்டனா போனவர் 1940 ஜூன் 19ல சண்டையில செத்தார். மூணே நாள்ல, 22ஆம் தேதி, பிரான்ஸ் சண்டைய நிறுத்திக் கையெழுத்துப் போட்டுடுச்சு. அந்த மூணு நாளை என்னால சும்மா கடந்து போக முடியல.

1946ல 14 வயசுப் பையனா த்ரூஃபோ ஒரே உட்கார்ல விகோவோட படம் எல்லாத்தையும் பார்த்தார், மொத்தமே மூணு மணி நேரம் சொச்சம்தான். 1971ல ஃப்ரான்ஸ்வா போர்ஸில் ழோபேர் பத்தி ஒரு புத்தகமே எழுதினார், அப்புறம் த்ரூஃபோவுக்கு அந்த மியூசிக்கைத் தேர்ந்தெடுக்கக் கூட நின்னவரும் அவர்தான். பழைய சவுண்ட் ட்ராக்கை அப்படியே வெட்டி ஒட்டல, பத்ரீஸ் மெஸ்த்ரால் நடத்த ஆர்கெஸ்ட்ரா புதுசா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணினது. 1975லருந்து 1978 வரைக்கும் வரிசையா நாலு படம். தன் பல படங்களுக்கு மியூசிக் போட்ட ஜார்ஜ் தெலரூ மாதிரி ஒருத்தர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போதே இதைச் செஞ்சார்னா, எவ்வளவு வேணும்னு தோணியிருக்கணும் பாருங்க.

இப்ப உங்க கேள்வி, அந்தக் காட்சிக்காக எழுதலையேன்னு. ழோபேர் எதை எதிர்த்தார்னு தெரிஞ்சா இது உங்களுக்கு வேற மாதிரி தெரியும். அவர் காலத்து ஹாலிவுட் படம் ஒண்ணுல, ‘தி இன்ஃபார்மர்’, காசு விழுந்தா மியூசிக்கும் காசு மாதிரி விழும், பீர் தொண்டையில இறங்கினா மியூசிக்கும் கூடவே இறங்கும். இது அவருக்குப் பிடிக்கவே இல்ல. திரையில தெரியறதையே மியூசிக் திருப்பிச் சொல்லக்கூடாது, தனக்குன்னு ஒரு லயத்தோட பக்கத்துல நடந்து வரணும்னு நினைச்சவர். பீர் இறங்குறதுக்குப் போட்ட மியூசிக்கை வேற எந்தப் படத்துல வைக்க முடியும்? இவரோடது சொந்தக்கால்ல நின்னுச்சு, அதான் 35 வருஷம் கழிச்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ பொண்ணு அடேல் பைத்தியமா கடலோரம் அலையும்போதும் அவளோட நடக்க முடிஞ்சது.

நாலாவது படம் ‘லா ஷாம்ப்ர் வெர்த்’ கண்டிப்பா பாருங்க. செத்தவங்களை மறக்க மாட்டேன்னு ஒருத்தன் பாழடைஞ்ச சேப்பலைச் சரி பண்ணி மெழுகுவர்த்தி ஏத்துற கதை, த்ரூஃபோவே நடிச்சார். ஷூட்டிங்ல ழோபேர் மியூசிக்கைப் போட்டுவிட்டுத்தான் நடிச்சாங்க. அந்தச் சுவத்துப் போட்டோக்கள்ல ழோபேரும் இருக்கார்.

ஆனா அதுக்கு முன்னாடி ‘லத்தலாந்த்’, லண்டன் ஆர்கைவ்ல கிடைச்ச பிரிண்டையும் வச்சு 1990ல சரி பண்ணின வடிவம், ழோபேர் மியூசிக் திரும்பி வந்தது. அதுல படகுக்காரக் கிழவர் ஒரு ரெக்கார்டை எடுத்து விரலால தடவுவார், மியூசிக் வரும். விரலை எடுப்பார், நின்னுடும். திரும்ப வைப்பார், திரும்ப வரும். பார்த்தா பின்னாடி படகுல இருக்குற சின்னப் பையன் அக்கார்டியன் வச்சிருப்பான்.

பார்த்துட்டு எழுதுங்க.