சிங்களக் கத்தோலிக்கரைக் கலியாணம் செய்ய வேதம் தடையா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: சிங்களக் கத்தோலிக்கர் ஒருவரை விரும்புகிறேன், 2009இல் முள்ளிவாய்க்காலில் அண்ணாவைப் பறிகொடுத்த அம்மா மறுக்கிறா, வேதமும் மறுக்கிறதா?

இல்லை, தங்கச்சி. வேதாகமத்தில் இணைச்சட்டம் 7ஆம் அதிகாரம் வேற்றினத்தாரோடு சம்பந்தம் வேண்டாமென்பது, பிள்ளைகள் வேறு தெய்வங்களிடம் போவார்கள் என்பதால், இரத்தத்துக்காக அல்ல. மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்ததைப் பழித்த மிரியாமுக்குத்தான் தொழுநோய் வந்தது. மோவாபியப் பெண் ரூத்து இயேசுவின் வம்சத்திலேயே இருக்கிறா. மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவில் இரண்டு மொழியிலும் செபமாலை சொல்லும் சனத்தை நீங்களே பார்த்திருப்பீங்கள்.

ஆனால் அம்மாவை அவசரப்படுத்தாதீங்கோ. அவவின் மறுப்பு பாவமில்லை, காயம். மே 18, முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் அவ விளக்கேற்றும்போது, நீங்கள் விரும்புகிறவர் பக்கத்தில் நிற்பாரா? அதை இப்பவே அவரிடம் கேளுங்கோ. பிள்ளைகள் அம்மம்மாவோடு எந்த மொழியில் கதைக்கும் என்பதையும்.